பூவலும் தங்கச் சுரங்கமும்

மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில் பூவல் எனும் சிறு மணற்கிணறு தோண்டப் பெரும்பாடு பட வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல். கொஞ்சம் கிண்டினாலே நீர் ஊறிவிடும். மழையில் இறங்கிய நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆசைப்பட்டு அதிகம் இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். நிலத்தடியில் நீர் சும்மா கிடப்பதில்லை.

அணுக்கழிவைப் புதைப்பவர்களுக்கும், அதைக் கரைத்து வெளியே கொண்டுவரக்கூடிய இந்த நீர்தான் தலையிடி. உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் முதலில் ஆண்டுக்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் கிடந்து ஆறவேண்டும். அதிலுள்ள சீசியம்-137, 30 ஆண்டில் பாதியாகக் குறையும். புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 ஆண்டு. அவ்வளவு காலம் காவல் நிற்க எந்த அரசால் முடியும்? ஆகவே பாறையிடம் ஒப்படைக்கப் பார்க்கிறார்கள்.

பின்லாந்தின் ஒல்கிலுவோத்தோ தீவில் ‘ஒன்கலோ’ என்ற சுரங்கத்தை 400 மீற்றருக்கும் கீழே குடைந்திருக்கிறார்கள். அங்குள்ள பாறைக்கு வயது ஏறக்குறைய 190 கோடி ஆண்டு. எரிபொருளை வார்ப்பிரும்புக் கூட்டில் வைத்து, அதை 5 சென்ரிமீற்றர் தடித்த செப்பு உறையில் அடைத்து, சுற்றிலும் பெந்தனைற்றுக் களிமண்ணை இறுக்குவது திட்டம். ஈரம் பட்டால் அந்தக் களி உப்பி வெடிப்புகளை அடைத்துக்கொள்ளும். எனக்குப் பிடித்தது இந்தக் களிமண்தான். வந்த எதிரியைக் கொண்டே கதவைச் சாத்துகிறார்கள்!

அவசரப்பட்டவர்களும் உண்டு. ஜேர்மனியில் அஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 126,000 அணுக்கழிவுப் பீப்பாய்களை இறக்கினார்கள். பிறகு உள்ளே நீர் கசிந்தது. இப்போது அவற்றைத் திரும்ப வெளியே எடுக்க வழி தேடுகிறார்கள்.

இந்தக் கதையில் தமிழருக்கு நெருக்கமான இடம் இந்தியாவின் கோலார் தங்கவயல். தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக இறங்கிய, 3 கிலோமீற்றருக்கும் ஆழமான சுரங்கம் அது. 1980களில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் அங்கே ஏறத்தாழ 1,000 மீற்றர் ஆழத்தில் மின்சூடேற்றிகளைப் பதித்து, கழிவின் சூட்டைப் பாறை எப்படித் தாங்கும் என்று அளந்தது. இறக்கியது சூட்டை மட்டுந்தான், கழிவை அல்ல. 2012 இல் கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கில், கழிவைப் புதைக்கும் இடமாகக் கோலாரின் பெயர் அடிபட்டதும் அவ்வூர் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அப்படியொரு திட்டமே இல்லை என்றது அரசு.

மக்களின் பயம் நியாயமானதுதான். ஆழம் இருந்தென்ன? நூறாண்டுக்கு மேலாக வெடிவைத்துக் குடைந்த பாறை அது. 2001 இல் சுரங்கத்தை மூடி, பம்புகளை நிறுத்தினார்கள். பொன் எடுத்த குழிகளில் இப்போது நிற்பது தண்ணீர்.