ஓவியத்தை இழுப்பது எது?

கேன்வாஸில் தீட்டிய பழைய எண்ணெய் ஓவியத்தில் வெடிப்பு கண்டால், துணி நைந்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு மரியன் மெக்லன்பர்க் 1982-ஆம் ஆண்டு அளித்த ஆய்வறிக்கை வேறொன்றைக் காட்டியது. துணி, அதன்மேல் தடவிய வச்சிரப் பசை, வண்ணம் ஆகிய அடுக்குகளைத் தனித்தனியே இழுத்து, ஈரப்பதம் மாற மாற எது எவ்வளவு விசை தாங்குகிறது என்று அளந்தார். காற்று வறண்டால் பசைதான் சுருங்கி விறைக்கிறது; துணி ஏறக்குறையத் தளர்ந்தே கிடக்கிறது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினாலோ நிலைமை தலைகீழ்: பசை வலுவிழக்க, துணி சுருங்க, பிடிமானம் இழந்த வண்ணம் உதிர்கிறது.

அப்படியானால் காட்சியறையின் ஈரப்பதம் இம்மியும் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதாதா? போதும்தான், ஆனால் அதற்காக இரவு பகலாக எந்திரங்களை ஓட்டும் மின்செலவு கொஞ்சமல்ல. இடைப்பட்ட ஈரப்பதத்தில் நேரும் சிறு ஏற்ற இறக்கத்தை வண்ணப் படலம் நீண்டு சுருங்கித் தாங்கிக்கொள்கிறது என்பதைப் பிந்தைய சோதனைகள் உணர்த்தின. ஏற்கெனவே பெயர்ந்து நிற்கும் வண்ணத்துக்கு இது பொருந்தாது. அதற்குத் தனிக் கவனிப்பு வேண்டும். மற்றபடி அருங்காட்சியகங்கள் அஞ்ச வேண்டியது கடும் வறட்சிக்கும் மிகை ஈரத்துக்குமே.