டிஸ்னியின் மூன்றாவது பூங்கா வருமா?

பாரிஸ் மாநகரின் நடுவிலிருந்து ஆர்.ஈ.ஆர். 'ஏ' புகையிரதத்தில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டால், ஏறத்தாழ நாற்பது நிமிடங்களில் அதன் கடைசி நிலையத்தை அடையலாம். மார்ன்-லா-வலே ஷெஸி என்பது அந்நிலையத்தின் பெயர். ஆயினும் எம்மவரில் எவரும் அதனை அப்பெயரால் அழைப்பதில்லை. "டிஸ்னிக்குப் போகிறோம்" என்பதே வழக்கு. பாடசாலை விடுமுறை நெருங்கும் காலத்தில், பிரான்சிலுள்ள தமிழ் வீடுகளில் பிள்ளைகள் பெற்றோரை நச்சரிக்கும் விடயங்களுள் இதற்கே முதலிடம்.

பிள்ளைகள் கேட்பது, எப்போது போவது என்பதை மட்டுமே. பெரியவர்களின் பேச்சு வேறு. அங்கே இன்னும் ஒரு பூங்கா கட்டப்போகிறார்களாம், வேலை பெருகுமாம், அந்தப் பக்கம் வீடு வாங்கி வைத்தால் விலை ஏறுமாம் என்ற கதை கடைகளிலும் திருமண வீடுகளிலும் நீண்ட காலமாகவே அடிபட்டு வருகிறது. இக்கதையில் எவ்வளவு உண்மை உண்டு என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயனுடையது. ஏனெனில் இதனை நம்பிக் கடன்படுவோரும் எம்மிடையே இருக்கக்கூடும்.

விடயத்தின் வேர் 1987 மார்ச் 24 ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட ஓர் ஒப்பந்தத்தில் உள்ளது. அன்றைய பிரெஞ்சுப் பிரதமர் ஜாக் சிராக் அரசின் சார்பிலும், மைக்கல் ஐஸ்னர் வோல்ற் டிஸ்னி நிறுவனத்தின் சார்பிலும் ஒப்பமிட்டனர். பிராந்திய சபையும் செய்ன்-எ-மார்ன் மாவட்டமும் பாரிஸ் போக்குவரத்து நிறுவனமும் அதில் பங்காளிகளாயின. ஏறத்தாழ 1,940 ஹெக்டேயர் நிலம், அதாவது பாரிஸ் நகரின் ஐந்திலொரு பங்கு, இத்திட்டத்திற்கென ஒதுக்கப்பட்டது. கோதுமையும் சீனிக்கென வளர்க்கும் பீற்றூட்டும் விளைந்த பிறி சமவெளி அது. ஷெஸி, கூப்வ்ரே, செரிஸ், மாஞி-லு-ஓங்ர், பய்யி-ரொமன்வில்லியே ஆகிய ஐந்து கிராமங்களில் அப்போது வாழ்ந்தோர் எல்லாமாக ஐயாயிரம் பேரளவினரே. கூப்வ்ரே என்ற ஊரை வாசகர்கள் வேறொரு காரணத்துக்காகவும் அறிந்திருத்தல் வேண்டும். பார்வையற்றோர் விரலால் தடவி வாசிக்கும் எழுத்தை ஆக்கித் தந்த லூயி பிறெய்ல் 1809 இல் பிறந்த ஊர் அது. அவருடைய வீடு இன்று ஓர் அருங்காட்சியகம். மிக்கி எலியைக் காணச் செல்லும் இலட்சக்கணக்கானோரில் அவ்வீட்டின் பக்கம் எட்டிப் பார்ப்போர் சிலரே என்பது வேறு கதை.

ஒப்பந்தத்தின் நுட்பம் பூங்காவில் அன்று, நிலத்தில் உள்ளது. விவசாயிகளிடமிருந்து அரசு நிறுவனம் ஒன்று நிலத்தைப் பெறுகிறது. டிஸ்னி தனக்குத் தேவையானபோது தேவையான அளவை முன்னரே வகுத்த முறைப்படியான விலைக்கு வாங்கலாம். வாங்கிய நிலத்தில் பூங்காவோ விடுதியோ கட்டலாம். வீடும் அலுவலகமும் கட்டும் நிறுவனங்களுக்கு விற்கவும் செய்யலாம். யூரோ டிஸ்னியின் கணக்கறிக்கைகளில் பூங்கா வருமானத்துக்கு அடுத்து நிலமனை அபிவிருத்தி என்று தனியான ஒரு பிரிவே இருந்து வந்தது. ஊர் எப்படி வளர வேண்டும், எந்தத் தெருவில் எவ்வகைக் கட்டடம் எழ வேண்டும் என்ற பேச்சில் ஒரு தனியார் நிறுவனம் அரசுக்குச் சமமாக உட்காரும் வாய்ப்பு ஐரோப்பாவில் வேறெங்கும் எளிதில் கிட்டுவதன்று.

பூங்கா 1992 ஏப்ரல் 12 இல் திறக்கப்பட்டது. புகையிரதப் பாதையை அரசும் போக்குவரத்து நிறுவனமும் அதே மாதம் முதலாந் திகதி ஷெஸி வரை நீட்டி முடித்திருந்தன. முதலாண்டுகளின் கதை பலருக்கு நினைவிருக்கும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விடுதி அறைகள் ஒரே வேளையில் திறக்கப்பட்டன. ஐரோப்பியரோ காலையில் வந்து மாலையில் வீடு திரும்பினர். பகலுணவோடு ஒரு குவளை வைன் அருந்தும் நாட்டில், பூங்காவுக்குள் மதுவகை கிடையாது என்ற விதியை 1993 இல் தளர்த்த வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய அடி வேறிடத்திலிருந்து விழுந்தது. நிலத்தையும் கட்டடங்களையும் விற்றுக் கடனை அடைக்கலாம் என்று கணக்கிட்டிருந்த வேளையில் பாரிஸ் பகுதியின் நிலமனைச் சந்தை சரிந்தது. வட்டி ஏறியது. 1994 இல் வங்கிகள் விட்டுக்கொடுத்ததாலும், சவூதி இளவரசர் அல்வலீத் பின் தலாலின் முதலீட்டாலும் நிறுவனம் தப்பியது. 1995 இற்குள் வரும் என்று சொல்லப்பட்ட இரண்டாவது பூங்கா 2002 மார்ச் 16 இற்தான் திறந்தது.

இந்த ஏழாண்டுத் தாமதத்தை மனதில் இருத்திக்கொண்டு மூன்றாவது பூங்காவின் பேச்சுக்கு வருவோம். அது வெறும் வதந்தி அன்று. 2010 இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது அதன் காலம் 2030 வரை நீட்டப்பட்டது. நிலப்பரப்பு 2,230 ஹெக்டேயராக விரிந்தது. மூன்றாவது பூங்கா அமைக்கும் உரிமையும் அதற்கான நிலமும் டிஸ்னியின் கையில் இருந்தன. ஆனால் உரிமை என்பது கடமை ஆகாது. கட்டலாம் என்றுதான் தாளில் உள்ளதேயன்றி, கட்டியே தீரவேண்டும் என்றில்லை. எம்மவர் பேச்சில் தவறிப்போகும் இடம் இதுவே.

2017 இல் வோல்ற் டிஸ்னி நிறுவனம் யூரோ டிஸ்னியின் பங்குகள் அனைத்தையும் தன்வசப்படுத்திக்கொண்டது. அதுவரை கடனில் தத்தளித்த பிள்ளை அன்று முதல் தாயின் மடியில். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், ஜனாதிபதி மக்ரோனைச் சந்தித்த டிஸ்னியின் தலைவர் பொப் ஐகர் 2 பில்லியன் யூரோ முதலீட்டை அறிவித்தார். மூன்றாவது பூங்கா வருகிறது என்று ஆர்வலர் எதிர்பார்த்தனர். அறிவிப்போ வேறாக இருந்தது. பணம் முழுவதும் இரண்டாவது பூங்காவைப் பெருப்பிப்பதற்கே. மார்வல் வீரர்களுக்கு ஒரு பகுதி, 'புறோசன்' படத்தின் பனிநாட்டுக்கு ஒரு பகுதி, ஸ்ரார் வோர்ஸ் படத்துக்கு ஒரு பகுதி, நடுவே ஓர் ஏரி எனத் திட்டம் வகுக்கப்பட்டது. மார்வல் பகுதி 2022 ஜூலையில் திறந்தது. பனிநாட்டுக்கு 2026 மார்ச் 29 எனத் திகதி குறிக்கப்பட்டதோடு, இரண்டாவது பூங்காவின் பெயரே டிஸ்னி அட்வெஞ்சர் வேர்ல்ட் என மாறும் என்றும் சொல்லப்பட்டது. ஸ்ரார் வோர்ஸ் பகுதி மட்டும் சத்தமின்றித் திட்டத்திலிருந்து மறைந்துபோனது. 2024 ஆகஸ்ட்டில் லயன் கிங் படத்துக்குரிய பகுதி ஒன்று அறிவிக்கப்பட்டது. மேடையில் நின்று உலகறியச் சொல்லப்பட்டதே இப்படி மாறும் என்றால், எவரும் சொல்லாத ஒன்றை நம்பி நாம் எதனைத் தீர்மானிப்பது?

இருந்தாலும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2017 வரையான 25 ஆண்டுகளில் 320 மில்லியன் வருகைகள் இங்கு பதிவாகின. நிறுவனத்தின் அறிக்கைகளின்படி, ஒப்பந்த நிலத்தில் இதுவரை ஏறத்தாழ அரைவாசியே கட்டப்பட்டுள்ளது. கூட்டமும் உண்டு, நிலமும் உண்டு. அப்படியாயின் தடை எங்கே?

தடை ஒன்று, காலம் மாறிவிட்டது. பாரிசின் வடக்கே கொனெஸ் நகரின் வயல்வெளியில் யூரோப்பாசிற்றி என்ற பெயரில் பல்லாயிரம் வேலைவாய்ப்புகள் தருவதாகச் சொல்லி ஒரு மாபெரும் களிப்பு வளாகம் திட்டமிடப்பட்டது. சார்செல், கார்ஜ் பகுதிகளில் வாழும் எம்மவர் பலரும் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பர். விளைநிலத்தைக் காக்க எழுந்த எதிர்ப்பின் பின் 2019 நவம்பரில் அரசு அதனைக் கைவிட்டது. 2021 இல் நிறைவேறிய காலநிலைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2031 இற்குள் நாடெங்கும் வயலையும் காட்டையும் கட்டடமாக்கும் வேகத்தை அரைவாசியாகக் குறைத்தல், 2050 இற்குள் அதனை நிகர அளவில் பூச்சியமாக்குதல் என்பது அதன் குறி. 1987 இல் எளிதாக இருந்தது இன்று எளிதன்று. இரண்டாவது தடை கணக்கு. இருக்கும் பூங்காவைப் பெருப்பித்தால் வாயில், வாகனத் தரிப்பிடம், பணியாளர் கூடம் ஆகியவற்றைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. வருவோர் இன்னொரு இரவு தங்குவர். வெறுமையாகக் கிடந்த விடுதி அறைகளின் நினைவு அந்நிறுவனத்தை விட்டு எளிதில் நீங்காது.

ஆகவே 2030 இற்குள் மூன்றாவது பூங்கா ஒன்று எழும் என்று நான் நம்பவில்லை. இரண்டாவது பூங்காவே இரட்டிப்பாகி, மூன்றாவதன் இடத்தை உண்டுவிட்டது எனலாம். ஒப்பந்தம் முன்பும் பலமுறை திருத்தப்பட்டது போல மீண்டும் திருத்தப்பட்டு நீளக்கூடும். அப்போதும் பேரம் நிலத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

உண்மையில் விரிந்துகொண்டே வந்தது பூங்கா அன்று, ஊர். 1994 இல் துரித புகையிரத நிலையம், 2000 இல் வால் டொறோப் வர்த்தக மையம், 2001 இல் அதற்கென இன்னொரு ஆர்.ஈ.ஆர். நிலையம், 2017 இல் நிலத்தடி வெந்நீரால் சூடேற்றப்படும் தடாகத்தைச் சுற்றிய விடுமுறைக் கிராமம் எனப் பட்டியல் நீள்கிறது. பூங்கா நட்டத்தில் இருந்த ஆண்டுகளிலும் வீடுகள் எழுந்தன. ஐந்து கிராமங்கள் இன்று பத்து ஊர்களின் கூட்டாகி, ஏறத்தாழ ஐம்பதாயிரம் மக்கள் வாழும் நகரமாகியுள்ளன. அப்பக்கம் குடியேற எண்ணும் குடும்பங்கள் கணக்கிட வேண்டியது புதிய சவாரிகளை அன்று. பாடசாலை, வைத்தியசாலை, அதிகாலையிலும் நள்ளிரவிலும் வேலைக்குப் போய்வரப் பேருந்து உண்டா என்பவற்றையே. பாரிசில் உணவகச் சமையலறையில் இரவு வேலை செய்பவருக்குக் கடைசிப் புகையிரதத்தைத் தவறவிட்டால் 32 கிலோமீற்றர் என்பது பெருந்தொலைவு.

வேலையைப் பற்றியும் ஒரு சொல். பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றும் அவ்வளாகத்தில் பல நாட்டவருக்கும் இடம் உண்டு. மொழி குறைவாயினும் சமையலறை, துப்புரவு, விடுதி அறை ஒழுங்கு போன்றவற்றில் நுழைய முடியும். ஆனால் சம்பளம் பற்றி மனக்கோட்டை கட்ட வேண்டாம். 2023 மே, ஜூன் மாதங்களில் அங்குள்ள தொழிலாளர் மாதம் 200 யூரோ உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்து, பூங்காவுக்குள்ளேயே ஊர்வலம் போயினர். மின்னும் கோட்டைக்குப் பின்னாலும் வாடகை கட்டச் சிரமப்படும் மனிதரே நிற்கின்றனர்.

தஞ்சம் கோரி வந்தோருக்கோ இக்கதவு பூங்கா திறக்குமுன்பே சாத்தப்பட்டுவிட்டது. அதுவரை தஞ்சக் கோரிக்கையாளருக்குக் கிட்டிவந்த வேலை உரிமையை 1991 செப்ரெம்பர் 26 ஆம் திகதிய அரசுச் சுற்றறிக்கை நீக்கியது. ஏழு மாதங்களுக்குள் பூங்கா ஆட்களைத் தேடியபோது, அந்நாளில் வந்திறங்கிய எம்மவர் இளைஞர் பலர் கைகட்டி நின்றனர். 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அகதிகள் பணியகமான ஒவ்ப்ரா ஆறு மாதங்களாகியும் முடிவு தராவிடில், வேலை தருபவர் மூலம் அனுமதி கோரலாம். அகதி என்று ஏற்கப்பட்டோருக்கு அத்தடை இல்லை. விண்ணப்பிக்குமுன் தமது பத்திரம் எந்நிலையில் உள்ளது என்பதைப் பார்த்துக்கொள்வது நன்று.

மூன்றாவது பூங்கா வந்தாலும் வராவிட்டாலும், புதிய கட்டடங்களும் தெருக்களும் பற்றிய பெருந்திட்டங்களுக்குப் பொது விசாரணை நடைபெறுவது இந்நாட்டின் வழமை. அவ்வேளைகளில் நகரசபை மண்டபத்தில் ஒரு பதிவேடு வைக்கப்படும். அதில் எவரும் தமது கருத்தை எழுதலாம். எழுதுவோரிடம் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கப்படுவதில்லை.