பழைய காருக்கும் ஜாதகம் உண்டு!



கல்யாணம் பேசப் போனால் முதலில் ஜாதகம் கேட்கிறோம். பழைய கார் வாங்கப் போனால் மட்டும் பெயின்ட்டைப் பார்க்கிறோம், ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறோம், விலை பேசி அட்வான்ஸும் கொடுத்து விடுகிறோம். ஆர்.சி. புக் கடைசியில்தான் கைக்கு வருகிறது. அதையும் யாரும் பிரித்துப் படிப்பதில்லை. ஒரு பழைய கார், கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று அந்த ஆர்.சி.யை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே இக்கட்டுரை.

நாமக்கல் லாரி பாடி, சங்ககிரி லாரி, திருச்செங்கோடு ரிக் வண்டி என்று பேர் வாங்கிய பூமி நம்முடையது. ஒரு எஞ்சினை இறக்கி இன்னொன்றை ஏற்றுவது நம் பட்டறைக்காரர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. பெட்ரோல் செலவுக்குப் பயந்து எத்தனையோ அம்பாசிடர்களில் மெட்டடோர் வேனின் டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடும். ஆர்.சி.யில் மட்டும் 'பெட்ரோல்' என்றே இருக்கும். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

என் தாய்மாமா அப்படி ஒரு மார்க் 4 அம்பாசிடரை ஆசையாய் வாங்கினார். பதிவைப் புதுப்பிக்கப் போன இடத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து பார்த்தார். எஞ்சின் நம்பர் வேறு, எரிபொருளும் வேறு. விற்றவர் கையை விரித்து விட்டார். ரெண்டு வருஷமாய் வண்டி தார்ப்பாய்க்குள் நிற்கிறது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா லாரி டிரைவர். சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லி விடுவார். ஆனால் ஆர்.சி. இங்கிலீஷில் இருப்பதால் படிக்க வேறு ஆளைத் தேடுவார். டிப்ளமோ படிக்கிற நாம் இதைக் கற்றுக் கொண்டால் ஊரில் பத்துக் குடும்பத்தின் பணம் மிஞ்சும்.

ஆர்.சி.யில் என்ன இருக்கிறது?

1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 23-ஆம் படிவம்தான் ஆர்.சி. தயாரித்த கம்பெனி, தயாரித்த மாதம் வருடம், பாடி வகை, சிலிண்டர் எண்ணிக்கை, சேஸ் நம்பர், எஞ்சின் நம்பர், சி.சி., வீல்பேஸ், சீட் எண்ணிக்கை, சரக்கில்லாத எடை, நிறம், எரிபொருள் எல்லாம் அதில் வரும். ஒவ்வொன்றும் நமக்கு ஒரு சாட்சி.

1. இரும்பைப் பாருங்கள்

முதலில் சேஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் துடைத்து, பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். முதல் பதிவுக்கான விண்ணப்பத்திலும் சேஸ் நம்பரின் பென்சில் அச்சு கேட்பார்கள். எழுத்துகள் ஒரே அளவாய், ஒரே வரிசையாய் இருக்கிறதா? அரம் போட்ட தடம், வெல்டிங் தடம், அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருக்கிறதா? இருந்தால் அந்த வண்டி நமக்கு வேண்டாம். திருட்டு வண்டியாகக் கூட இருக்கலாம்.

2. கம்பெனிக் கணக்கோடு ஒப்பிடுங்கள்

ஆர்.சி.யும் வண்டியும் ஒத்துப் போனால் சட்டப்படி சரி என்று சொல்லலாம். ஒரிஜினல் என்று சொல்லி விட முடியாது. முன்பே அனுமதி வாங்கி எஞ்சினை மாற்றியிருந்தால் ஆர்.சி.யிலும் புது நம்பர்தானே இருக்கும்? அதனால் மூன்றாவதாகக் கம்பெனி விவரமும் வேண்டும்.

அம்பாசிடரையே எடுத்துக் கொள்வோம். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை வைத்து உத்தர்பாராவில் தயாரான கார். வீல்பேஸ் 2464 மி.மீ. நெடுங்காலம் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். பிறகு மார்க் 4-இல் டீசல் எஞ்சின் வந்தது. அதுவும் 1489 சி.சி.தான்! ஆக, சி.சி.யை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம், எரிபொருள் கட்டத்தையும் பார்க்க வேண்டும். 1817 சி.சி. இசுசு எஞ்சின் 1990-க்குப் பிறகுதான் வந்தது. 1985 மாடல் வண்டியில் அது இருந்தால் பின்னால் ஏற்றியது என்று உடனே தெரிந்து விடும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் 948 சி.சி., பிரீமியர் பத்மினி என்றால் 1089 சி.சி. இந்த எண்களை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள்.

3. நம்பர் பிளேட்டைப் படியுங்கள்

1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 1-7-1989-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பதிவுகளில் மூன்று ஆங்கில எழுத்தும் பின்னால் எண்ணும் இருக்கும். டி.என்.28, டி.என்.30 போன்றவை அதற்குப் பின் வந்தவை. 1975 மாடல் காரில் டி.என். நம்பர் இருந்தால், வேறு மாநிலத்திலிருந்து வந்து புது நம்பர் வாங்கியிருக்கலாம், அல்லது முதல் பதிவே தாமதமாக நடந்திருக்கலாம். ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப்புகள் இந்த இரண்டாவது ரகம். பழைய நம்பர் என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

4. பின் பக்கங்களையும் புரட்டுங்கள்

பழைய புத்தக ஆர்.சி.யில் பெயர் மாற்றம், கடன், நிறம் மாற்றம் எல்லாம் முத்திரையோடு வரிசையாக இருக்கும். டூப்ளிகேட் ஆர்.சி. என்றால் பழைய குறிப்புகள் முழுதாய் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவேட்டு விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்லது. இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், மோரிஸ் போன்ற பழைய கம்பெனிகளின் உற்பத்திப் பதிவேடுகளைக் காப்பாற்றி வைத்து, அதிலிருந்து சான்றிதழும் கொடுக்கிறது. நமக்கு ஆர்.சி.யே பெரிய துணை.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எஞ்சின் மாற்றுவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

2021 ஜூலையில் வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சின் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்தால் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட நம்பர் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 வருஷம் செல்லும். கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு ஓட்டலாம், தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. அந்த 50 வருஷத்தை நிரூபிக்க எது வேண்டும்? அதே கிழிந்த ஆர்.சி. புக்தான்! ஆகவே பழைய ஆர்.சி.யை யாரும் பழைய பேப்பர் என்று எறிந்து விடாதீர்கள்.

நண்பர்களே! ஸ்பேனர் பிடிக்கும் கை நம் ஊரில் நிறைய இருக்கிறது. ஸ்பேனரோடு ஆர்.சி.யையும் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் குறையை நாம் தீர்ப்போம். அடுத்த முறை சொந்தக்காரர் யாராவது பழைய கார் பார்க்கக் கூப்பிட்டால், பென்சிலும் வெள்ளைத்தாளும் எடுத்துக் கொண்டு கிளம்புங்கள்.



— இரண்டாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு