ஒரு மரபணுவை முடக்க ஏன் இரண்டு வெட்டு?

மனிதரிடம் கைனேஸ் மரபணுக்கள் 500-க்கும் மேல். செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் கைனேஸ் நொதிகளை உருவாக்கும் இவற்றில் ஒன்றை மட்டும் முடக்குவது எளிதல்ல. பலவற்றின் வினையூக்கிப் பகுதி ஒன்றையொன்று ஒத்திருப்பதால், கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையின் காஸ்9 நொதி தவறான மரபணுவையும் வெட்டிவிடலாம்.

அதைத் தவிர்க்கத்தான் நிக்கேஸ் ஜோடி. காஸ்9-இன் 10ஆம் அமினோ அமிலத்தை மாற்றினால், அது டிஎன்ஏவின் ஓர் இழையை மட்டுமே வெட்டும் நிக்கேஸாகிவிடும். அந்த ஒற்றை வெட்டை, எதிர் இழையை அச்சாகக் கொண்டு செல் பெரும்பாலும் பிழையின்றிச் சரிசெய்துவிடும். நொதியை வெட்டுமிடத்துக்கு இட்டுச்செல்லும் இரண்டு வழிகாட்டி ஆர்என்ஏக்கள் அருகருகே, எதிரெதிர் இழைகளில் வெட்டவைத்தால்தான் டிஎன்ஏ முழுதாக முறியும். முறிந்ததை ஒட்டும்போது சில எழுத்துகள் கூடும், குறையும். வாசிப்புச் சட்டகம் குலைந்தால் செயல்படும் கைனேஸ் உருவாகாது. எவ்வளவு அழகான உத்தி! 2013-இல் ஆய்வாளர் ஃபெங் ஜாங்கின் குழு மனிதச் செல்களில் இதைச் சோதித்தபோது, தவறான வெட்டுகள் 50 முதல் 1,500 மடங்கு வரை குறைந்தன.