உடற்பாரமும் உள்ளங்கால் வளைவும்

ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையிலுள்ள திமிரியில், சாணமிட்டு மெழுகிய வாசல்கள் இன்றும் சிலவேனும் எஞ்சி நிற்கின்றன. ஈரம் புலராத வாசலை மிதித்தவர் தம் அடியை அதன்மேல் எழுதிவிட்டே போகின்றனர். சென்ற விடுமுறையில் அங்ஙனம் பதிந்த இரண்டு அடிகளை யாம் கண்டோம். ஒன்று, வாழ்நாளெல்லாம் வெறுங்காலோடு கழனியில் உழைத்த எம் பாட்டியாருடையது. குதியும் முன்பாதமும் ஆழப் பதிந்திருக்க, வெளியோரத்தில் ஒரு மெல்லிய பட்டை அவ்விரண்டையும் இணைத்தது. உட்புறத்து மண் தீண்டப்படாமலே இருந்தது. மற்றொன்று, அவர்தம் மகளாகிய எம் பெரிய தாயாருடையது. அதில் குழிவென்பதே இல்லை. செங்கல்லை வைத்தெடுத்தாற்போல முழுதும் பதிந்திருந்தது. பெரிய தாயார் பத்தாண்டுகளாக உடல் பருத்து வருபவர். மாலையானால் இடக் கணுக்காலின் உட்புறம் வலிக்கிறதென்பார். வீட்டார் அதனை வாயு என்று கூறி எண்ணெய் தேய்த்து வந்தனர்.

பாதம் ஒன்றில் 26 எலும்புகள் உள. அவை தரையிற் பரப்பி வைத்தவையல்ல. குதி முதல் விரல்களின் அடிவரை வில்லைப்போல் வளைந்து நிற்பவை. அவ்வில்லின் கீழ், நாணேற்றினாற்போல, உரமான நார்ப்படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. பாரம் அழுத்தும்போது வளைவு சற்றே தாழும். அடியெடுக்கும்போது மீண்டும் எழும். மூன்றாவதொரு துணையும் உண்டு. கெண்டைக்காலின் ஆழத்திற் பிறக்கும் தசையொன்றின் நாண் உட்கணுவின் பின்னே வளைந்திறங்கி, வளைவை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கிறது. வளர்ந்தோர்க்குப் பாதம் தட்டையாகும் கதை பெரும்பாலும் இத்தசைநாணின் கதையே.

நிற்கும்போது உடற்பாரத்தை இரு கால்களும் பகிர்ந்துகொள்ளும். நடக்கும்போதோ ஒவ்வோரடியிலும் ஒரே கால் முழுப்பாரத்தையும், அதற்குச் சற்று மேலாகவும் தாங்குகிறது. ஒருவர் 20 கிலோ மிகையாகப் பருத்து, நாளொன்றுக்கு 5,000 அடி நடப்பாராயின், ஒரு காலுக்கு 2,500 அடி. அக்கால் தாங்கும் மிகைப்பாரத்தை மட்டும் கூட்டின் நாடோறும் 50,000 கிலோவாகிறது. மூட்டை சுமப்பவனாவது இடையிடையே இறக்கி வைப்பான்.

இதனால் எலும்பு முறிவதில்லை, தசைநாணே நைகிறது. உட்கணுவின் பின்புறத்தில் அதற்குக் குருதியோட்டம் குறைவாதலின், நைந்த இழை எளிதில் ஆறுவதில்லை. நடுவயதுப் பெண்டிர், உடல் பருத்தோர், நீரிழிவுடையோர் ஆகியோரிடம் இத்துன்பம் மிகுதி. நாண் நீண்டு தளர்ந்தபின் வளைவு அமிழ்கிறது. குதி வெளிப்புறம் சாய்கிறது. முன்பாதமும் வெளிநோக்கித் திரும்புகிறது.

சிறுவர் காரியம் வேறு. குழந்தையின் பாதம் தட்டையாகவே தோன்றும். உள்ளங்காற் கொழுப்பு குழிவை மறைத்திருக்கும். முதற் பத்தாண்டுகளுக்குள் வளைவு மெல்ல எழும். நோவின்றி, விரலூன்றி நிற்கையில் வளைவு தோன்றுமாயின், அப்பாதத்திற்கு மருத்துவமே வேண்டுவதில்லை.

இனிச் சொல்வது, இராணிப்பேட்டை முதல் ஆம்பூர்வரை தோல் பதனிட்டும் பாதரட்சை தைத்தும் பிழைக்கும் நம் பக்கத்தார்க்குச் சற்றுக் கசக்கலாம். 1992-இல் ராவ், பெஞ்சமின் ஜோசப் என்னும் மருத்துவர் இருவர் நம் நாட்டுச் சிறுவர் 2,300 பேரின் அடிச்சுவடுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். பாதரட்சை அணிந்தவருள் நூற்றுக்கு 8.6 பேரும், அணியாதவருள் 2.8 பேருமே தட்டைப் பாதத்தினர். 1995-இல் சச்சிதானந்தமும் ஜோசப்பும் வளர்ந்தோர் 1,846 பேரின் சுவடுகளை ஆராய்ந்தபோது, பருத்தோரிடம் தட்டைப் பாதம் மிகுந்திருந்தது. பருமனைக் கணக்கிற்கொண்டு திருத்திய பின்னும், ஆறு வயதிற்குமுன் பாதரட்சை அணியத் தொடங்கியவரிடம் அது மிகுந்தே நின்றது. ஆகவே எம் வாசலிற் கண்ட வேற்றுமையைப் பருமன் ஒன்றின்மேலேயே சுமத்துதல் நேர்மையன்று. முள்ளும் கொக்கிப்புழுவும் உள்ள நிலத்தில் வெறுங்காலே சிறந்ததென்று வாதிக்கவும் யாம் துணியோம்.

உடல் மெலிந்தால் பாரம் குறையும், நோவும் தணியும். நீண்டுபோன நாணோ தானே குறுகுவதில்லை. தொடக்கத்தில் ஓய்வும், வளைவைத் தாங்கும் உள்ளட்டையும், தக்க பயிற்சியும் பயன்படும்; முற்றியபின் அறுவை மருத்துவம் வேண்டியிருக்கும். எந்நிலை என்றறிய மருத்துவர் கையாளும் எளிய சோதனையொன்றுண்டு: சுவரைப் பற்றி ஒற்றைக்காலில் நின்று குதியை உயர்த்துதல். பெரிய தாயாரை அவ்வாறு செய்யச் சொன்னோம். வலக்குதி எழுந்தது. இடக்குதி, மும்முறை முயன்றும், தரையை விட்டு எழவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு மறுநாட் காலையிலேயே அவரை வேலூருக்கு அழைத்துச் சென்றோம்.