விலை சொல்லத் தெரிந்த நமக்கு மதிப்புச் சொல்லத் தெரியுமா?



துவரம்பருப்பு வரத்து, எடைக்கல் முத்திரை, ஜி.எஸ்.டி. கணக்கு என்று இந்தப் பக்கங்களில் எழுதிப் பழகியவர்கள் நாம். இம்முறை கணக்கில் வராத ஒரு விஷயத்தை எழுத வேண்டியிருக்கிறது. நம்மில் பலருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே வளர்கிறார்கள். உள்ளூரில் இருக்கும் பேரன்கூட ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு அந்த மொழியிலேயே யோசிக்கிறான். அவர்களிடம் "உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? வேடிக்கையான கேள்வி போலத் தோன்றும். நமக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒருநாள் சுடும் வரை.

நமது மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். பேத்திக்கு ஒன்பது வயது. தமிழ் ஓரளவு புரியும், பேச வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ போனில் வந்து, பள்ளிக்கூடத்தில் எழுதிய கட்டுரை ஒன்றை வாசித்தாள். அதன் தலைப்பில் "லுக் அப் டு" என்று வந்தது. அண்ணாந்து பார்ப்பதைப் பற்றி, வானம் நட்சத்திரம் என்று ஏதோ எழுதியிருக்கிறாள் போலும் என்று எண்ணிக்கொண்டோம். அவள் முடித்ததும், "வெரி குட். ஈட்டிங் ஓவர்? ஹவ் மெனி மார்க்ஸ்?" என்று கேட்டுவிட்டுப் போனைக் கொடுத்துவிட்டோம். மண்டிக்கு லோடு வந்து நின்றிருந்தது.

இரண்டு நாள் கழித்து மகன் பேசினான். "அப்பா, அந்தக் கட்டுரை உங்களைப் பத்தித்தான். தாத்தாவுக்குப் பிடிக்கலையான்னு கேட்டுக்கிட்டே இருக்கா" என்றான். "லுக் அப் டு" என்றால் ஒருவரை உயர்வாக நினைப்பதாம். விடியற்காலை ஐந்து மணிக்குத் தாத்தா கடை திறப்பதையும், 2020 ஊரடங்கில் லோடுமேன் வீடுகளுக்கு அரிசி அனுப்பியதையும் மகன் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறாள். நாம் மார்க் கேட்டிருக்கிறோம். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

நாம் ஏன் சொல்வதில்லை?

அன்பில்லாமல் அல்ல. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண்பட்டுவிடும், பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்பது நம் வீடுகளின் பழக்கம். மகன் முதல் வகுப்பில் தேறினால் கடைக்கு வரும் பத்துப் பேரிடம் சொல்வோம். மகனிடம் மட்டும் சொல்ல மாட்டோம். அவனும் அதை எதிர்பார்த்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் அல்வாப் பொட்டலத்திலேயே அவனுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் வளரும் பிள்ளைக்கு இந்தக் குறிப்பு புரியாது. அங்கே பள்ளியிலும் பக்கத்து வீட்டிலும் வாயால் சொல்லிக் கேட்டே பழகியிருக்கிறது. சொல்லாவிட்டால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். பணம் வந்தும் பேரேட்டில் பதியாவிட்டால் பாக்கி நிற்பது போல.

நமது கடையின் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர். அவரை உட்கார வைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, கல்லாப்பெட்டி அருகிலேயே பாடம் கேட்டோம். அவர் சொன்னதையும், பிறகு நாம் அகராதி புரட்டித் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறோம்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தரம்

"அப்ரிஷியேட்" என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஆடிட்டர் சொத்து மதிப்பு ஏறுவதை அப்ரிஷியேஷன் என்றும், தேய்மானத்தை டிப்ரிஷியேஷன் என்றும் சொல்வார். இதன் வேர் லத்தீன் மொழியில் விலை என்று பொருள்படும் "ப்ரீட்டியம்". பிரைஸ் என்ற விலையும், பிரெய்ஸ் என்ற பாராட்டும், பிரைஸ் என்ற பரிசும் இதே வேரிலிருந்து வந்தவைதாம். தமிழிலும் "மதிப்பு" என்ற ஒரே சொல் சரக்குக்கும் மனிதருக்கும் பொருந்துகிறதல்லவா? ஒருவர் செய்த உதவியின் விலை நமக்குத் தெரியும் என்று காட்டவே "ஐ அப்ரிஷியேட் யுவர் ஹெல்ப்" என்கிறார்கள்.

"அட்மையர்" என்பதன் வேருக்கு வியத்தல் என்று பொருள். அதிசயத்தைக் குறிக்கும் மிராக்கிளும் கண்ணாடியைக் குறிக்கும் மிரரும் அதன் உறவுகள். ஒருவரிடம் நம்மால் இயலாத ஒரு குணத்தைக் கண்டு வியக்கும்போது இதைச் சொல்ல வேண்டும்: "ஐ அட்மையர் யுவர் பேஷன்ஸ்", உன் பொறுமையை வியக்கிறேன். வயது வித்தியாசம் இதற்குக் கிடையாது. நாம் "ஐ ஆம் அட்மையரிங் யூ" என்று சொல்லிவிடுவோம். அது பிழை. "ஐ அட்மையர்" என்பதோடு நிறுத்த வேண்டும்.

"ப்ரவுட் ஆஃப்" என்பது நம்மவர் என்ற உரிமையோடு சொல்வது. பெரும்பாலும் பெரியவர் சிறியவரிடம் சொல்வார். "ஐ ஆம் ப்ரவுட் ஆஃப் யூ" என்றால் உன்னால் எனக்குப் பெருமை. ஆனால் ஒருவரை வெறுமனே "ப்ரவுட்" என்றால் கர்வக்காரர் என்ற பொருளும் வந்துவிடும். "ஆஃப் யூ" என்பதை விழுங்கிவிடக் கூடாது.

"லுக் அப் டு" கீழிருந்து மேலே செல்வது. பேத்தி நம்மிடம் சொன்னது இது. நாம் நம் ஆசிரியரிடமும் தொழில் கற்றுக்கொடுத்த முதலாளியிடமும் சொல்லலாம்.

சிட்டை இல்லாத சரக்கு வேண்டாம்

எந்தப் பாராட்டையும் காரணத்தோடு சொல்ல வேண்டும் என்றார் ஆசிரியர். வெறும் "வெரி குட்" என்பது சிட்டை இல்லாமல் அனுப்பிய சரக்கு. வாங்கியவருக்கு என்ன வந்தது, எவ்வளவு வந்தது என்று தெரியாது. "நீ மூன்று முறை தோற்றும் விடாமல் நீச்சல் பழகினாயே, அதை வியக்கிறேன்" என்றால் பிள்ளைக்கு எதைத் தொடர வேண்டும் என்று விளங்கும்.

இதற்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை 1998-ல் வெளியிட்டார்கள். புதிர்க் கணக்குகளைப் போட்ட பிள்ளைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் பெயர் கெடாமல் இருக்க எளிய கணக்கையே அதிகம் விரும்பினார்கள்; அடுத்த கணக்கில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் கடினமான கணக்கைத் தேடிப் போனார்கள். தலைக்கனம் ஏறும் என்று நம் பெரியவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. அதற்கு வாயை மூடிக்கொள்வது வழியல்ல. செயலைப் பாராட்டுவதே வழி.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பாராட்டின் வாலில் "பட்" என்ற சொல்லைக் கட்டாதீர்கள். "வெல் டன், பட் கணக்கில் ஏன் குறைந்தது?" என்றால் முன்னால் கொடுத்ததைப் பின்னாலேயே பிடித்தம் செய்வதாகிவிடும். அடுத்தவர் பிள்ளையோடு ஒப்பிட்டும் சொல்லாதீர்கள்.

கைசுடும் சொற்கள்

நாம் நல்லெண்ணத்தில் சொல்வது அங்கே வேறாகப் போய்விடும். மருமகளைப் பெண் பார்த்து வந்து "ஹோம்லி" என்கிறோமே, குடும்பப் பாங்கான பெண் என்ற பொருளில்? அமெரிக்காவில் அதற்கு அழகில்லாதவள் என்று பொருள். பகட்டில்லாத மனிதரை "சிம்பிள் மேன்" என்கிறோம். அவர்கள் காதில் அது விவரம் தெரியாதவர் என்றும் விழலாம். "டவுன் டு எர்த்" என்றால் நாம் நினைப்பது போய்ச் சேரும். ஊருக்கு வந்த பிள்ளையிடம் "நல்லா சதை போட்டிருக்கியே" என்று மகிழ்வோம். அதை ஆங்கிலத்தில் சொல்லவே வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்துக்காரர் "நாட் பேட்" என்றால் பரவாயில்லை என்று இழுப்பதாக நினைக்கக் கூடாது. பல வேளைகளில் அது நல்ல பாராட்டு. "டெரிஃபிக்" என்பது பயங்கரம் அல்ல, பிரமாதம்.

வாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும்

யாராவது நம்மைப் பாராட்டினால் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று தட்டிவிடுவது நம் அடக்கம். ஆங்கிலத்தில் அப்படிச் செய்தால் கொடுத்தவர் கையைத் தட்டிவிட்டது போலாகும். "தாங்க் யூ, தட் மீன்ஸ் எ லாட்" என்றால் போதும். நீ சொன்னது எனக்குப் பெரிது என்று பொருள். பேத்தி கட்டுரை வாசித்த அன்று இந்த ஒரு வரி நம்மிடம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பாடம் கேட்ட பிறகு, சொல்ல வேண்டியதைத் தமிழ் எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கடை மூடியபின் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தோம். கணக்குப்பிள்ளை உள்ளே வந்துவிட்டு, நாம் யாருடனோ போனில் பேசுவதாக எண்ணித் திரும்பிப் போனார். அடுத்த ஞாயிறு பேத்தியிடம் சொன்னோம்: "ஐ லவ்ட் யுவர் எஸ்ஸே. ஐ அட்மையர் தட் யூ ரோட் அபவுட் தி லோட்மென்." தாத்தாவைப் பற்றி எழுதும்போது மூட்டை சுமந்தவர்களை அவள் மறக்கவில்லையே, அதைத்தான் சொன்னோம். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "தாங்க் யூ, தாத்தா" என்று சொல்லிவிட்டு, கட்டுரையை மறுபடி முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். இம்முறை லோடு காத்திருந்தது.

அவள் போனபின் மகன் திரையில் வந்தான். சீட்டில் இல்லாத ஒன்று வாயில் வந்துவிட்டது: "ஐ ஆம் ப்ரவுட் ஆஃப் யூ. யூ ஆர் எ குட் ஃபாதர்." "என்னப்பா, திடீர்னு இங்கிலீஷ்ல?" என்று சிரித்தவன், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்கு நாற்பது வயதாகிறது. இதைத் தமிழில் சொல்ல நமக்கு நாற்பது வருஷம் நா எழவில்லை. சொந்த மொழியில் கூசியதை, கைமாற்றாக வாங்கிய மொழியில் சொல்லிவிட்டோம். கைமாற்றைத் திருப்ப வேண்டுமே! அவன் ஊருக்கு வரும்போது தமிழிலும் சொல்லிவிட வேண்டும் என்றிருக்கிறோம்.

கீழே உள்ள வரிகளை வெட்டி எடுத்து கல்லாப்பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிக்கொள்ளுங்கள். போன் வரும்போது கைக்கு எட்டும்.

ஐ ஆம் ப்ரவுட் ஆஃப் யூ: உன்னால் எனக்குப் பெருமை.
ஐ அட்மையர் யுவர் ஹார்ட் வொர்க்: உன் உழைப்பை வியக்கிறேன்.
ஐ அப்ரிஷியேட் யுவர் ஹெல்ப்: உங்கள் உதவியின் மதிப்பு எனக்குத் தெரியும்.
ஐ லுக் அப் டு யூ: உங்களை உயர்வாக வைத்திருக்கிறேன்.
தாங்க் யூ, தட் மீன்ஸ் எ லாட்: நன்றி, நீ சொன்னது எனக்குப் பெரிது.

சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மார்க்கை அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம்.