'நீங்கள்தானா?': சாதனம், சந்தேகம், தன்னிலை

போன மாதம் ஒரு கட்டுரையை அனுப்ப உட்கார்ந்தேன். இரவு பதினோரு மணி. ஐந்து வருஷமாகத் தட்டித் தட்டி விசையில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோன அதே மடிக்கணினி. கடவுச்சொல்லும் சரி. ஆனால் மின்னஞ்சல் சொன்னது: 'அடையாளம் தெரியாத சாதனம். இடம்: மும்பை. நீங்கள்தானா?' நான் இருப்பது மதுரையில். மும்பைக்கு நான் போனதே இல்லை சார் என்று யாரிடம் முறையிடுவது? சந்தேகம் தீர்க்கும் குறியீடு ஒரு பழைய செல்பேசி எண்ணுக்குப் போயிற்று. அந்த இணைப்பை விட்டே இரண்டு வருஷமாகிறது. நாலு நாள் கழித்து, ஒரு காரணமும் சொல்லாமல், அதுவே உள்ளே விட்டது.

எரிச்சலை ஒதுக்கிவிட்டு இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். எந்திரத்துக்கு என் கணினியைத் தெரியவே தெரியாது. போன தடவை என் உலாவியில் அது செருகிவிட்டுப்போன ஒரு சீட்டைத்தான் தெரியும். 'குக்கி' என்று பெயர். 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மாண்டுலி உருவாக்கியது. இணைய வழங்கிக்குச் சுயமாக ஞாபகம் கிடையாது, ஒவ்வொரு வேண்டுகோளும் அதற்குப் புதுசு. ஆகவே சீட்டு. அதை அழித்தால் நீங்கள் அந்நியர். மறைசாளரத்தில் திறந்தாலும் அந்நியர். நிரல்வழி எழுதப்படும் குக்கிகளுக்கு சஃபாரி உலாவி 2019இலிருந்து ஏழு நாள்தான் ஆயுள் கொடுக்கிறது (கண்காணிப்புக்கு எதிரான நல்ல காரியம்தான்!).

சீட்டு இல்லாதபோது அங்க அடையாளம் பார்க்கிறார்கள்: உலாவியின் பதிப்பு, திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம். 2010இல் பீட்டர் எக்கர்ஸ்லி செய்த ஆய்வில், பார்த்த உலாவிகளில் நூற்றுக்கு 83க்கு மேல் வேறெதோடும் ஒத்துப்போகாத தனித்தன்மை கொண்டிருந்தன. ஆனால் உலாவி புதுப்பிக்கப்பட்டால் ரேகையும் மாறிவிடும். இடம் கதையோ இன்னும் மோசம். செல்பேசி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. அந்த முகவரி எந்த ஊர்க் கணக்கில் பதிவாகியிருக்கிறதோ அதுவே நம் ஊர். என் மும்பை இப்படி வந்ததுதான்.

போலீஸ்காரன் தெருவில் கூப்பிட, திரும்பிப் பார்க்கிறவன் அந்தக் கணத்தில் தன்னிலையாகிறான் என்றார் அல்தூசர் (1970). இங்கே எல்லாம் தலைகீழ். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போய் 'நான்தான்' என்கிறேன், 'நீ நீயல்ல' என்கிறது. 1990இல் தெல்யூஸ் 'கட்டுப்பாட்டுச் சமூகங்கள்' பற்றி எழுதியபோது குவாத்தாரியின் கற்பனை நகரம் ஒன்றைக் குறிப்பிட்டார்: மின்னட்டை காட்டினால் தடுப்பு திறக்கும், ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு மணி நேரத்தில் திறக்காமலும் போகலாம். அதைப் படித்தபோது மிகையாகப் பட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

இந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் ஒரு 'இயல்பான' மனிதன் இருக்கிறான்: ஒரு ஆள், ஒரு சாதனம், மாறாத எண், மாறாத வீடு. எங்கள் தெருவில் ஒரே போனை நாலு பேர் வைத்துப் புழங்குகிற வீடுகள் உண்டு. சிம் புருஷன் பேரில், குறியீடு வருவது அவன் கைக்கு. தன் கணக்குக்குள் நுழைய அவள் அவனிடம் கேட்டு நிற்க வேண்டும். பாதுகாப்பு என்கிறார்களே, யாருக்கு யாரிடமிருந்து? கண்காணிப்புக்குப் பயந்து குக்கியை அழித்து, வேறு நாட்டு வழியாக இணையத்துக்குள் வருகிற நம் தோழர்கள்தான் மேலும் மேலும் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள்.

திருடனை இது தடுக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். கடவுச்சொல் களவுபோன பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பொய் எச்சரிக்கை பெருகப் பெருகக் கை தானாக 'ஆம், நான்தான்' என்பதை அமுக்கப் பழகிவிடுகிறது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவன் நுழைந்தது இப்படித்தான். ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு அனுமதிக் கோரிக்கை மேல் கோரிக்கையாக வந்துகொண்டே இருந்தது, கடைசியில் ஒன்றை அவர் ஏற்றுக்கொண்டார்.

மாற்றுக் குறியீடுகள் என்று பத்து எண் தருகிறார்கள், அதைத் தாளில் எழுதி அரிசிப் பானைக்குள்ளாவது வையுங்கள். நான் எழுதி வைத்துவிட்டேன். அந்தப் பழைய எண்ணை மட்டும் இன்னும் நீக்க முடியவில்லை. நீக்க வேண்டுமானால், அந்த எண்ணுக்கே ஒரு குறியீடு அனுப்புமாம்.